நார்வே: எதற்குக் காசு, எது இலவசம்?

ஒஸ்லோவில் சுமாரான ஓர் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு, பில்லை மனசுக்குள் ரூபாயாக்கிப் பார்ப்பவருக்குச் சாப்பிட்டது செரிக்காது. நார்வேயின் ஒரு குரோன் நம் பணத்தில் எட்டு, ஒன்பது ரூபாய். உட்கார்ந்து சாப்பிடும் சாதாரணச் சாப்பாடே 200 குரோனைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

அங்கே ஆள்கூலிதான் விலை. சமைப்பவர், பரிமாறுபவர், டாக்சி ஓட்டுபவர் எல்லோருக்கும் நல்ல சம்பளம். அது பில்லில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வரியும் சும்மா இல்லை. கஃபேயில் உட்கார்ந்து சாப்பிட்டால் 25 சதவீத மதிப்புக் கூட்டு வரி. அதே சாண்ட்விச்சைப் பார்சல் வாங்கினால் 15 சதவீதம். ஒரே பண்டத்துக்கு இரண்டு விலை போட்டிருக்கும் கடைகளைப் பார்த்து ஏமாற்று வேலை என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆகவே, சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்துத் தங்குவதே முதல் சிக்கனம். ரெமா 1000, கிவி போன்ற மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டுகளில் ரொட்டி, முட்டை, சீஸ் வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை இவற்றில் பெரும்பாலானவை பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமையே பையை நிரப்பிவிட வேண்டும். கட்டுச்சோற்றுக்குக் கூச்சமும் வேண்டாம். காகிதத்தில் சுற்றிய ரொட்டியோடுதான் நார்வேக்காரர்களே அலுவலகம் போகிறார்கள். அரிசி, பருப்பு இல்லாமல் ஆகாது என்பவர்களுக்கு ஒஸ்லோவின் குரோன்லண்ட் பகுதியில் ஆசிய மளிகைக் கடைகள் இருக்கின்றன. குழாய்த் தண்ணீரே நல்ல குடிநீர். குளிர்பானம் வாங்கினால் காலி பாட்டிலை எறியாதீர்கள்: சூப்பர் மார்க்கெட்டில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சிறியதற்கு 2 குரோன், பெரியதற்கு 3 குரோன் திரும்பக் கிடைக்கும்.

விசாக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு: இவற்றில் பேரமில்லை. பயணச் செலவில் உண்டு. ஒஸ்லோ விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போக விரைவு ரயில் இருக்கிறது. சாதாரண ரயில் சில நிமிடமே கூடுதலாக எடுக்கும், கட்டணமோ ஏறக்குறைய பாதி. மலைகளைக் கடந்து சுமார் ஏழு மணி நேரம் ஓடும் ஒஸ்லோ–பெர்கன் ரயிலில், சில வாரம் முன்பே பதிவு செய்பவருக்குச் சலுகை டிக்கெட் கிடைக்கும். கடைசி நேரத்தில் போய் நிற்பவர் முழுக் கட்டணம் கொடுத்தே தீர வேண்டும்.

ஆனால், மனிதர்கள் நார்வேக்குத் தேடிப் போகும் பொருளுக்கு டிக்கெட்டே கிடையாது. ஃபியோர்டு எனும் கடற்கழிக்கு மேல் 604 மீட்டர் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிரைக்கஸ்தூலன் பாறைக்கு நடந்து ஏறக் கட்டணமில்லை; வண்டி நிறுத்தத்தான் காசு. ஒஸ்லோ ஓப்பரா மாளிகையின் சரிந்த கூரைமேல் யாரும் ஏறி உலாவலாம். விகெலண்ட் சிற்பப் பூங்காவும் இலவசம். நகரப் பேருந்து டிக்கெட்டிலேயே படகேறி ஒஸ்லோ ஃபியோர்டின் தீவுகளுக்குப் போய் வரலாம்.

கூடாரம் எடுத்துச் செல்பவருக்கு அறை வாடகையும் மிச்சம். பயிரிடாத திறந்தவெளி யாருடைய நிலமானாலும், வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரமடித்து இரண்டு இரவு தங்க 1957ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டத் தடை உண்டு.