சர்க்கார் மானியமும் கிராமத்தார் கடமையும்

கிராமங்களின் பொருளாதார அபிவிருத்திக்கும் பொது வசதிகளுக்கும் சர்க்கார் அளிக்கும் மானியம் என்பது யாது, அஃது எவ்வழியாக ஒரு கிராமத்தை வந்தடைகிறது, அதில் கிராமத்தாருக்குள்ள பாத்தியமும் பொறுப்பும் எவை என்பவற்றை ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். சங்கத்தில் கடன் வாங்கிப் பழகியவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதுண்டு. கடன் சங்கத்தின் பணம். வட்டியுடன் திரும்ப வேண்டியது. மானியமோ ஜனங்கள் செலுத்திய வரிப்பணம். அதைத் திருப்பித் தர வேண்டுவதில்லை. ஆயினும் குறித்த வேலைக்கே, குறித்த காலத்துக்குள் செலவாக வேண்டும். செலவுக்குக் கணக்கும் காட்டியாக வேண்டும்.

முதல் மானியம்

1935-36 ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில், இந்திய சர்க்காரின் நிதி மெம்பராயிருந்த ஸர் ஜேம்ஸ் கிரிக் என்பவர் கிராமப் பிரதேசங்களின் அபிவிருத்திக்கென்று மாகாணங்களுக்கு ரூ. 1 கோடி ஒதுக்கினார். தொகை பெரிதாகத் தோன்றும். ஆனால் இந்தியாவில் ஏழு லக்ஷம் கிராமங்கள் என்று அக்காலத்தில் சொல்லுவது வழக்கம். அவை யாவற்றுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒரு கிராமத்துக்குச் சுமார் ரூ. 14 தான் கிடைக்கும். சமஸ்தானத்துக் கிராமங்களை நீக்கிக் கணக்கிட்டாலும் பெரிய வித்தியாசம் இராது. ஆகவே மானியம் விதை நெல்லைப் போன்றது, அதுவே விளைச்சலன்று. கார்த்திகையில் அண்ணாமலையின் உச்சியில் எரியும் தீபம் ஒன்றே. ஆயினும் அதற்குரிய நெய்யில் பல ஊர் ஜனங்களின் காணிக்கை கலந்திருக்கிறது. கிராம அபிவிருத்தியும் அத்தகையதே.

திருவண்ணாமலை ஜில்லாவின் அனுபவம்

வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து 1989 இல் தனி ஜில்லாவான திருவண்ணாமலையில் ஏரியையும் கிணற்றையும் நம்பியே பெரும்பாலும் விவசாயம் நடைபெறுகிறது. மழை தவறினால் மணிலாக்கொட்டையும் தவறும், கூலியும் குறையும். 2007 இல் தொடங்கப்பெற்ற பின்தங்கிய பிரதேச மானிய நிதிக்கு இந்தியா முழுவதிலும் 250 ஜில்லாக்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் அவை ஆறு: கடலூர், விழுப்புரம், நாகப்பட்டினம், சிவகங்கை, திண்டுக்கல், திருவண்ணாமலை.

இந்நிதியில் ஒவ்வொரு ஜில்லாவுக்கும் வருஷத்துக்குக் குறைந்தது ரூ. 10 கோடி என்றும், மீதியில் பாதி ஜனத்தொகையையும் பாதி விஸ்தீரணத்தையும் ஒட்டி என்றும் பங்கீடு விதிக்கப்பட்டது. பஞ்சாயத்தார்க்கும் சிப்பந்திகளுக்கும் பயிற்சி அளிக்கத் தனியாக ஜில்லா ஒன்றுக்கு வருஷம் ரூ. 1 கோடி வைக்கப்பட்டது. குறைந்த தொகையாகிய ரூ. 10 கோடியை இந்த ஜில்லாவின் 860 கிராமப் பஞ்சாயத்துக்களுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்குச் சுமார் ரூ. 1,16,000 ஆகும். இத்தொகையால் ஒரு ஊரின் குறை முழுவதும் தீராது. எனினும் மற்றத் திட்டங்களின் பணம் எட்டாத ஒரு குறையைத் தீர்க்கலாம். இந்நிதியின் நோக்கமும் அதுவே.

பணம் வரும் வழி

முதலாவது, இன்ன வேலை வேண்டுமென்று கிராம சபையில் தீர்மானிக்கவேண்டும். அத்தீர்மானங்கள் பஞ்சாயத்துத் திட்டமாகி, ஜில்லா திட்டக் குழுவில் ஒன்று சேர்க்கப்பட்டு, மேலே செல்லும். பின்பு மதிப்பீடும் நிர்வாக அனுமதியும் ஆகி, பணம் தவணையாக வரும். முன் தவணை உரியபடி செலவாயிற்று என்னும் உபயோகச் சான்று போய்ச் சேர்ந்தாலன்றி அடுத்த தவணை வாராது. ஒரு பஞ்சாயத்தார் கணக்கை முடிக்கத் தாமதித்தால் அதனால் மற்ற ஊர்களின் பணமும் தடைப்படக்கூடும்.

தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும் மலைஜாதியாருக்கும் அவர்கள் ஜனத்தொகைக்கு ஏற்ற பங்கைத் தனி உபதிட்டமாகக் காட்ட வேண்டுமென்பதும் இந்நிதியின் விதி. உதாரணமாக, ஒரு கிராமத்தில் ஊர்த்தெருவில் இரண்டு குழாய்கள் உள்ளன. காலனியில் ஒன்றும் இல்லை. ஒரு குழாய்க்கே பணம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராம சபைக்கு ஊர்த்தெருவார் மட்டுமே வந்தால் மூன்றாவது குழாயும் அத்தெருவிலேயே அமையும். காலனியார் குடமெடுத்து முன்போலவே நடப்பார்கள். மானியம் செலவாகியிருக்கும், கணக்கும் சரியாயிருக்கும், குறை மட்டும் தீர்ந்திராது.

மானியமும் கடனும் சேர்ந்து வருங்கால்

சங்க அங்கத்தினர் மிகவும் கவனிக்க வேண்டியது இதுவே. 1980 இல் தேசமெங்கும் விரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த கிராம அபிவிருத்தித் திட்டத்தில், சிறு விவசாயிகளுக்கு விலையில் கால் பங்கும், குறு விவசாயிகள், கூலிகள், கைத்தொழிலாளர் ஆகியோருக்கு மூன்றில் ஒரு பங்கும், மலைஜாதியாருக்குப் பாதியும் மானியமாகக் கொடுக்கப்பட்டன. மீதி கடன். ஒரு கூலிக்காரர் ரூ. 3,000 விலையில் ஒரு கறவை மாடு வாங்கினாரென்றால், மானியம் ரூ. 1,000, கடன் ரூ. 2,000. முழுவதும் இனாம் என்றெண்ணித் தவணை கட்டாதிருந்தால், மாடு வற்றும் காலத்தில் கடன் மட்டும் நிற்கும். பாக்கிக்காரர் என்று பெயர் ஏறிவிட்டால் பின்னர் விதைக்கும் எருவுக்கும் கடன் கிடைப்பது அரிதாகும். அத்திட்டம் 1999 இல் வேறு திட்டத்தோடு சேர்க்கப்பட்டது. அது புகட்டிய பாடமோ எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டுவது

மானியம் என்றும் நிலைத்திருப்பதன்று. பின்தங்கிய பிரதேச நிதிக்கு அளித்துவந்த உதவியை இந்திய சர்க்கார் 2015-16 இல் நிறுத்தியது. அதன்பின் குழாய் பழுதானால் பழுது பார்ப்பவர் யார்? ஆதலால் வேலையைக் கேட்கும்பொழுதே அதைப் பராமரிக்கும் செலவுக்கும் வழி தேடவேண்டும். வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் ஒழுங்காகச் செலுத்துவது அவ்வழிகளுள் முதன்மையானது.

தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாட்கள் கூட விதிக்கப்பட்டுள்ளது: ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சங்கத்துப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவைப் படிக்கக் கேட்டு, ஐயம் வந்தால் வினவிப் பழகிய அங்கத்தினர், அதே பழக்கத்தைக் கிராம சபைக்கும் கொண்டு செல்வார்களாக. எவ்வளவு வந்தது, எவ்வேலைக்கு, எந்தத் தெருவுக்கு, மீதி எவ்வளவு என்னும் நான்கு கேள்விகளையும் தவறாது கேட்கும் கிராமத்தில் மானியம் வீண்போவது அரிது.