எரிமலை மேல் ஒரு காற்றுக் கணக்கு

பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்றோர் எரிமலை இருக்கிறது. அதன் சரிவில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், 1958 மார்ச்சில், சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் கருவி காற்றை அளக்கத் தொடங்கியது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு? அந்த ஆண்டில் கிடைத்த விடை, பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

"பத்து லட்சத்தில் வெறும் 420தானா? இதற்கா இத்தனை கூச்சல்?" என்கிறீர்களா? கேட்க வேண்டிய கேள்விதான். காற்றில் பெரும்பங்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும். தரையிலிருந்து மேலே கிளம்பும் வெப்பத்தை அவை தடுப்பதே இல்லை. கார்பன் டை ஆக்சைடு, நீராவி, மீத்தேன் போன்றவைதான் அதை உறிஞ்சி, ஒரு பகுதியைக் கீழே திருப்பி அனுப்புகின்றன. இவற்றைப் பசுங்குடில் வாயுக்கள் என்பார்கள். இவை வில்லன்கள் அல்ல! இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். நாம் உறைந்தே போவோம். அளவு கூடுவதுதான் சிக்கல். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் அந்த 420, சுமார் 280 ஆகத்தான் இருந்தது.

இந்த அளவுகளைக் காட்டும் கீலிங்கின் வரைபடத்தில் கோடு நேராக ஏறுவதில்லை, ரம்பப் பல் போல ஏறி இறங்கி ஏறுகிறது. மே மாதம் உச்சம். செப்டம்பர் வாக்கில் பள்ளம். உலகின் நிலப்பரப்பில் பெரும்பகுதி வடக்கு அரைக்கோளத்தில் இருக்கிறது. அங்கே கோடையில் செடிகொடிகள் தழைத்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். பிறகு உதிர்ந்த இலைகள் மக்கும்போது அது காற்றுக்கே திரும்பும். ஆனால் ஒவ்வொரு மே மாத உச்சமும் போன ஆண்டைவிட உயரமாகவே வருகிறது.

எரிமலையே இந்த வாயுவைக் கக்குமே, கணக்கு கெடாதா? எரிமலை வாயில் இருந்து காற்று வீசினால் அளவு திடீரென்று எகிறும். அந்த நேரத்துக் கணக்கைத் தள்ளிவிடுவார்கள். எரிமலையே இல்லாத தென் துருவத்திலும் இதே ஏற்றம் பதிவாகிறது.

"பூமி சூடாகிறது என்கிறீர்கள், போன வாரம் மழை கொட்டி ஊரே குளிர்ந்ததே?" அது வானிலை. காலநிலை என்று பேச, வழக்கமாக 30 ஆண்டுகளின் சராசரியைப் பார்ப்பார்கள். அதனால் விடாமல் அளப்பது முக்கியம். 1964-ல் பணமில்லாமல் சில மாதங்கள் அளவீடு நின்றது. வரைபடத்தில் இன்றும் அங்கே ஓர் இடைவெளி. 2022 நவம்பரில் மௌனா லோவா வெடித்து, எரிமலைக் குழம்பு சாலையையும் மின்கம்பியையும் துண்டித்தது. இந்த முறை கருவியைப் பக்கத்து மலையான மௌனா கியாவில் வைத்து அளவீட்டைத் தொடர்ந்தார்கள்.