இரைப்பைப் பட்டை அறுவை: முடிவெடுக்கும் முன்னும், வீடு திரும்பிய பின்னும்

உடற்பருமனுக்கான அறுவை பற்றிக் கேட்டறிய எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பலர், "இரைப்பையை வெட்டாமல் வளையம் மட்டும் போட்டுவிடலாமாமே, வேண்டாமென்றால் எடுத்தும் விடலாமாமே?" என்றே பேச்சைத் தொடங்குகின்றனர். கேள்வியில் உண்மை உண்டு. முழு உண்மை அதைவிடப் பெரிது. அதை நோயாளரும் குடும்பத்தாரும் சேர்ந்து அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

பட்டை எவ்வாறு செயற்படுகிறது?

இரைப்பைப் பட்டை என்பது சிலிகோனால் ஆன வளையம். இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி, துளைவழி அறுவை மூலம் இதைப் பொருத்துகிறோம். வளையத்துக்கு மேலே 15 முதல் 30 மில்லி லிட்டர், அதாவது ஓரிரு மேசைக்கரண்டி கொள்ளும் சிறு பை உருவாகிறது. சிறிது உண்டவுடனேயே அப்பை நிறைந்து, பசி அடங்கிவிடுகிறது. வளையத்தின் உட்புறத்தில் காற்றுப்பை போன்ற ஒரு பகுதி உண்டு. அதிலிருந்து வரும் மெல்லிய குழாய், வயிற்றுத் தோலுக்கு அடியில் பதிக்கப்பட்ட 'போர்ட்' எனும் சிறு அமைப்பில் முடிகிறது. அதில் ஊசி வழியாக உப்புநீரைச் செலுத்தினால் வளையம் இறுகும். வெளியே எடுத்தால் தளரும்.

துளைவழியே பட்டையைப் பொருத்தும் முறை 1993இல் பெல்ஜியத்தில் தொடங்கியது. 2001இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தபின் உலகெங்கும் பரவியது. இன்று இதன் பயன்பாடு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பட்டை இடம் நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே நுழைதல், மேற்பை விரிதல், குழாயில் கசிவு ஆகியவற்றால் மறு அறுவை தேவைப்பட்டோர் பலர். எடைக்குறைவும் பிற முறைகளைவிடக் குறைவே. எனவே இரைப்பையைக் குழல்போல் குறுக்கும் 'ஸ்லீவ்' முறையும் 'பைபாஸ்' முறையுமே இப்போது பெரிதும் செய்யப்படுகின்றன.

யாருக்கு அறுவை?

எடையை மட்டும் கொண்டு நாங்கள் முடிவு செய்வதில்லை. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். 160 செ.மீ. உயரமும் 96 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 37.5. 1991ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல், குறியீட்டெண் 40க்கு மேற்பட்டோருக்கும், இணைநோய் இருப்பின் 35க்கு மேற்பட்டோருக்கும் அறுவையைப் பரிந்துரைத்தது. 2022இல் பன்னாட்டு அறுவை மருத்துவக் கூட்டமைப்புகள் இவ்வரம்புகளைத் தளர்த்தின: 35க்கு மேல் இணைநோய் இல்லாவிடினும் பரிந்துரைக்கலாம், நீரிழிவு போன்ற வளர்சிதை நோய் உள்ளோருக்கு 30 முதலே கருதலாம். குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் ஆசிய மக்களுக்கு 27.5 முதலே அறுவையை முன்வைக்கலாம் என்றும் அவை கூறின.

எண் பொருந்தினாலும் உடனே அறுவை அறைக்கு அழைத்துச் செல்வதில்லை. தைராய்டு, சர்க்கரை, இதயம், உறக்கத்தில் மூச்சுத்தடை, மனநிலை ஆகியவற்றைச் சோதிக்கிறோம். புகைபிடித்தலை நிறுத்தச் சொல்கிறோம். கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்குப் பட்டையோ ஸ்லீவோ துன்பத்தை மிகுவிக்கலாம் என்பதால், அதைத் தனியே ஆராய்கிறோம்.

உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்

பட்டை திட உணவைத்தான் தடுக்கிறது. பாயசம், ஐஸ்கிரீம், குளிர்பானம், சர்க்கரை மிகுந்த தேநீர் ஆகியவை தடையின்றி வழுக்கி இறங்கிவிடும். மனக்கவலை வந்தால் இனிப்பைத் தேடுவது உங்கள் வழக்கமா? சரிப்படுத்துதலுக்காகப் பல முறை மருத்துவமனைக்கு வர இயலுமா? இரண்டுக்கும் நேர்மையாக விடை கண்டபின்பே பட்டையா, வேறு முறையா என்பதைப் பேசுவோம். பட்டையை அகற்றலாம் என்பது உண்மையே. ஆயின் அகற்றுதலும் ஓர் அறுவையே. அகற்றியபின் எடை மீண்டும் ஏறுவது பெரும்பாலும் நிகழ்கிறது.

வீடு திரும்பிய பின்

பட்டை அறுவைக்குப் பின் பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர். முதல் இரு வாரம் தெளிந்த நீர்ம உணவும், பின்னர் கெட்டியான நீர்ம உணவும்: வடிகட்டிய ரசம், மோர், பருப்புநீர், சர்க்கரை சேர்க்காத பால். அடுத்த இரு வாரம் மசித்த உணவு: குழைந்த பருப்பு, தயிர், நன்கு மசித்த இட்லி. அதன்பின் மென்மையான உணவு. ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் இயல்பான உணவு. பட்டை தன் இடத்தில் ஊன்றிக்கொள்ளும் காலம் இது. அப்போது வாந்தி எடுத்தால் அது நழுவக்கூடும். முதன்முறை உப்புநீர் செலுத்துவதும் ஏறத்தாழ ஆறாம் வாரத்துக்குப் பின்னரே.

உண்ணும் முறையும் மாறவேண்டும். ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மெல்லுங்கள். உணவின்போது நீர் அருந்தாமல், அரைமணி நேரம் கழித்து அருந்துங்கள். தட்டில் முதலிடம் புரதத்துக்கு: முட்டை, மீன், பருப்பு, பனீர். நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் நாங்கள் வைக்கும் குறிக்கோள். ரொட்டி, ஒட்டும் சோறு, நார் மிகுந்த இறைச்சி ஆகியவை சிறுபையின் வாயில் சிக்கிக்கொள்ளலாம். வைட்டமின், சுண்ணாம்பு, இரும்புச் சத்து மாத்திரைகளைச் சொன்னபடி தொடருங்கள். மூட்டுவலிக்குக் கடையில் தானே வாங்கும் வலிநிவாரணிகள் இரைப்பையைப் புண்ணாக்கலாம், கேட்டபின் உட்கொள்ளுங்கள்.

நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை உங்கள் மருத்துவர் குறைக்க நேரிடும், தாமாக நிறுத்தக்கூடாது. மூன்றாம் மாதம் அளவில் முடி உதிரலாம். புரதம் போதுமானதாயின் பெரும்பாலும் மீண்டும் வளரும். பெண்கள் குறைந்தது 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிவைப்பது நலம்.

உடனே வரவேண்டிய அறிகுறிகள்

• நீர்கூட இறங்காமல் தொடர்ந்து வாந்தி
• நெஞ்சிலோ வயிற்றிலோ கடுமையான வலி
• காய்ச்சல், போர்ட் உள்ள இடத்தில் சிவப்பு அல்லது சீழ்
• மூச்சுத்திணறல், கெண்டைக்காலில் வீக்கம்
• கருநிற மலம் அல்லது இரத்த வாந்தி

தொடர் வாந்தி நாட்கணக்கில் நீடித்தால் தயமின் எனும் வைட்டமின் குறைந்து நரம்புகளைப் பாதிக்கும். "நாளை பார்க்கலாம்" என்று காத்திருக்க வேண்டாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

எங்கள் நோயாளரை அதிகம் வருத்துவது, "இன்னும் ஒரு கரண்டி" என்று அன்போடு வற்புறுத்தும் கையே. கல்யாண வீட்டில் இலையில் மீதம் வைப்பதை அவமதிப்பாகக் கருத வேண்டாம். "அறுவை செய்தும் இவ்வளவுதானா?" என்ற கேள்வியையும் தவிர்த்துவிடுங்கள். பட்டையினால் எடை வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ அளவில் மெல்லவே குறையும். சில வாரங்கள் அசையாமலும் நிற்கும். அவ்வாறு நிற்கும் வாரங்களில்தான் பலர் தம்மைக் குற்றவாளியாக எண்ணி மருத்துவமனைக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர்.

அவர்களிடம் நாங்கள் கூறுவது ஒன்றே: எடை கூடியிருந்தாலும் வாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ பட்டை பொருத்திக்கொண்டு, தொடர் சோதனை இன்றி இருப்போரும் வரலாம். பட்டையின் வகை, அளவு, உப்புநீரின் அளவு குறித்த அட்டை இருப்பின் கொண்டுவருக. இல்லாவிடில் ஊடுகதிர்ப் படத்தின் துணையோடு கண்டறிய முயல்வோம்.