நிற்கும்போதுதான் எடை தெரியும்

பெரிய மோட்டார் சைக்கிளிலிருந்து சிறியதற்கு மாறிய ஒரு குடும்பத்தலைவரின் அனுபவம்

2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். புனேயிலிருந்து திருநெல்வேலிக்கு நானும் என் மனைவியும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்ட முதல் நாள் காலை. கம்பாட்கி மலைப்பாதையைக் கடந்து, சாத்தாராவுக்குச் சற்று முன்னே, தேநீர் அருந்துவதற்காக ஒரு சாலையோரக் கடையின் முன் வண்டியை நிறுத்தினேன். சரளைக்கல் கொட்டிய இடம். இடப்புறமாகச் சிறிது சரிவு. இடது காலை ஊன்றினேன். காலடியில் கல் நகர்ந்தது. வண்டி சாய்ந்தது. பிடித்து நிறுத்திவிட்டேன் என்றே ஒரு கணம் எண்ணினேன். அடுத்த கணம் 241 கிலோ எடையுள்ள வண்டியும், அதன் இருபுறப் பெட்டிகளும், பெட்டிகளில் அடைத்திருந்த பண்டிகைத் துணிமணிகளும் ஒருசேரத் தரையில் கிடந்தன. என் மனைவியின் இடது கணுக்கால் பெட்டியின் அடியில் அகப்பட்டிருந்தது.

அப்பொழுது வண்டியின் வேகம் பூஜ்யம்.

என்னால் அதைத் தூக்க முடியவில்லை. கடையில் அமர்ந்திருந்த லாரி ஓட்டுநர்கள் இருவர் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். எலும்பு முறியவில்லை, ஆனாலும் தசைநார் பிசகியிருந்தது. அவள் நன்றாய் நடக்க ஆறு வாரங்கள் ஆயின. அந்த வருஷம் நாங்கள் ஊருக்குப் போகவில்லை. எண்பது வயதைக் கடந்த என் தாயார், கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில், "பரவாயில்லைப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். அந்த வார்த்தை என்னை வெகுநாள் குத்திக்கொண்டேயிருந்தது.

ஓடும் வண்டியும் நிற்கும் வண்டியும்

நான் 1992-இல் பிம்ப்ரி-சிஞ்ச்வடுக்கு வேலைக்கு வந்தவன். முதல் சேமிப்பில் வாங்கியது, வலது காலில் கியர் போடும் பழைய புல்லட். அதற்குப் பிறகு பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று வருஷங்கள் ஓடின. கடமைகள் ஓரளவு முடிந்தபின், 2023-இல் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650 வண்டியை வாங்கினேன். அந்த ஜனவரி மாதத்தில்தான் அது நம் நாட்டில் விற்பனைக்கு வந்திருந்தது. முன்னே பெரிய காற்றுத்தடுப்பும், பின்னே அமர்பவருக்கு முதுகுச் சாய்வும் உள்ள நெடும்பயண மாடலையே தெரிந்துகொண்டேன். நெடுஞ்சாலையில் அது ஒரு கப்பலைப்போல் செல்லும். அத்தனை எடையிருந்தும் அது ஓடும்போது எனக்குப் பாரமாகத் தோன்றியதே இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. ஓடுகிற வண்டி ஒரு பக்கம் சாயும்போது, முன் சக்கரம் அந்தப் பக்கமாகவே திரும்பி வண்டியை மறுபடியும் நிமிர்த்துகிறது. சுழலும் சக்கரங்களும் அதற்குத் துணைசெய்கின்றன. வேகம் குறைந்து வண்டி நிற்கும்போது இந்த உதவிகள் யாவும் நின்றுபோகின்றன. அதன்பின் வண்டியைத் தாங்குவது ஓட்டுகிறவரின் கால் ஒன்றே. நேராக நிற்கும் வண்டியை ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம். அது சாயத் தொடங்கினாலோ, சாய்வு இரட்டிப்பாகும்போது நாம் தாங்கவேண்டிய பாரமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால்தான் கனமான வண்டிகளில் அநேகம் வாகன நிறுத்துமிடத்திலும், பெட்ரோல் பங்க்கிலும், வீட்டு வாசலிலும் விழுகின்றன.

வண்டி செய்கிறவர்களும் இதை அறிந்திருக்கிறார்கள். நெடும்பயண வண்டிகளில் பெயர்பெற்ற ஹோண்டா கோல்டு விங், 1988 மாடலில் 350 கிலோவுக்கு மேல் எடையுள்ளதாக வந்தபோது, அதைப் பின்னோக்கி நகர்த்துவதற்கென்றே ஸ்டார்ட்டர் மோட்டாரால் இயங்கும் ஒரு வசதியைப் பொருத்தினார்கள். மனிதனின் கால்பலத்துக்கு ஓர் எல்லை உண்டென்று தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டதாக அதை எடுத்துக்கொள்ளலாம். நான் மாத்திரம் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒன்பது மாதம் உறைக்குள்

அவளுக்குக் கால் குணமானபின், ஒரு மாலையில் வண்டியை வெளியே எடுத்து, "வா, சும்மா ஒரு சுற்று போய் வருவோம்" என்றேன். அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"வண்டி ஓடும்போது எனக்குப் பயமில்லைங்க. நீங்கள் நிறுத்தும்போதுதான் பயமாயிருக்கிறது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷம் ஓட்டுகிறவனிடம் இப்படிச் சொல்லலாமா? பதில் சொல்லாமல் வண்டியை உறைபோட்டு மூடினேன். பிறகு இரண்டு மூன்று முறை தனியே எடுத்தேன். ஒவ்வொரு முறையும் எங்கே நிறுத்துவது என்று தேடுவதிலேயே மனது நின்றது. சரிவான இடத்தைக் கண்டால் உள்ளங்கை வியர்த்தது. அவள் சொன்ன பயம் எனக்குள்ளும் இருந்தது. அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள், நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

விற்றுவிடவும் மனம் வரவில்லை. தொழிற்சாலை வாசலில் இளைஞர்கள் அந்த வண்டியைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். சிறிய வண்டியில் போய் இறங்கினால், "அங்கிளுக்கு வயதாகிவிட்டது" என்பார்களே! மூத்த மகனோ, "அப்பா, இரண்டையும் விடுங்கள், ஒரு கார் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றான். பெரிய வண்டி, இல்லையேல் ஒன்றுமில்லை என்று நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவே ஒரு வழி இருப்பதை என் மனைவிதான் சுட்டிக்காட்டினாள். "உங்களை ஓட்டவேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? தூக்கி நிறுத்தக்கூடிய வண்டியாக வாங்குங்கள், நான் வருகிறேன்" என்றாள்.

எண்களை வைத்துப் பார்த்தபோது

2025 அக்டோபரில் அதே நிறுவனத்தின் மீட்டியர் 350 வண்டிக்கு மாறினேன். அது 2020 நவம்பரில் அறிமுகமான 349 சி.சி. குரூசர். எடை 191 கிலோ. பழையதைவிட 50 கிலோ குறைவு. அதாவது சரியாக ஒரு சிமெண்ட் மூட்டை. இரு சக்கரங்களுக்கும் இடையேயுள்ள நீளம் 1,500 மில்லிமீட்டரிலிருந்து 1,400 ஆகக் குறைந்தபடியால், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் நெருக்கமான நிறுத்துமிடத்தில் திருப்புவது எளிதாயிற்று. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி பழையதில் 135 மில்லிமீட்டர், இதில் 170. இருவர் அமர்ந்து போகும்போது முன்பெல்லாம் உயரமான வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசும். அந்தச் சத்தம் இப்போது இல்லை.

ஓர் ஆச்சரியமும் உண்டு. இருக்கையின் உயரம் பழையதில் 740 மில்லிமீட்டர், புதியதில் 765. பெரிய வண்டிதான் தாழ்வானது! ஆகவே, கால் தரையில் படுகிறதா என்பதை மாத்திரம் பார்த்து வாங்கினால் போதாது. படுகிற கால் எத்தனை கிலோவைத் தாங்கவேண்டும் என்பதையும் பார்க்கவேண்டும். ஹோண்டா ஹைனெஸ் சி.பி. 350 வண்டி 181 கிலோதான். ஆனால் இருக்கை 800 மில்லிமீட்டர். உயரம் குறைந்தவர்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம். பழைய வண்டியாக வாங்க நினைக்கிறவர்களுக்கு, 163 கிலோ எடையும் 737 மில்லிமீட்டர் இருக்கையும் உள்ள பஜாஜ் அவெஞ்சர் 220 குரூஸ், எடையிலும் உயரத்திலும் எளிதானது.

செலவிலும் வித்தியாசம் தெரிந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, கூடுதல் வரியோடு 31 சதவீதமாயிருந்தது 40 ஆக உயர்ந்தது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில், 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு வருஷத்திற்கு 2,804 ரூபாய். 150-க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய். பெட்ரோலும் எனக்கு மிச்சமாகிறது. முன்பு லிட்டருக்கு 25 கிலோமீட்டரை ஒட்டிக் கிடைத்தது. இப்போது 33-க்குக் குறைவதில்லை.

இழந்தவையும் உண்டு

இதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. பழைய வண்டியின் பலம் ஏறக்குறைய 46 குதிரைத்திறன், புதியது 20. ஏற்றத்தில் லாரியை முந்தவேண்டுமானால், முன்பு கைப்பிடியைச் சற்றே முறுக்கினால் போதும். இப்போது கியரைக் குறைத்து, எதிர்ச்சாலை நெடுந்தூரம் காலியாயிருக்கிறதா என்று பார்த்துப் பொறுத்திருந்தே முந்தவேண்டியிருக்கிறது. மணிக்கு 80, 85 கிலோமீட்டரில் இது சுகமாய்ப் போகும். அதற்கு மேல் அவசரப்படுத்தினால் இன்ஜினின் பிரயாசம் கேட்கும். பெரிய பேருந்து கடந்துபோகும்போது, காற்றின் தள்ளுதலும் முன்பைவிட அதிகமாய்த் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். குரூசர் வண்டியில் கால்கள் முன்னே நீண்டிருக்கும். ஆகையால் சரீரத்தின் பாரம் பெரும்பாலும் இடுப்பின் அடிப்பாகத்தில் இறங்கும். பள்ளத்தைக் கண்டவுடன் கால்களை ஊன்றி எழும்பிக்கொள்வது இதில் எளிதல்ல. முதுகுத்தண்டில் கோளாறு உள்ளவர்கள், எடை குறைவு என்பதற்காக மாத்திரம் இத்தகைய வண்டியை வாங்காமல், மருத்துவரின் ஆலோசனையைக் கேட்டுத் தீர்மானிப்பது நல்லது.

மாற நினைக்கிறவர்களுக்குச் சில ஆலோசனைகள்

1. கடையில் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னே, இன்ஜினை நிறுத்திய நிலையில் அதைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். சிறிய சரிவில் திருப்பிப் பாருங்கள். உங்களோடு வழக்கமாய்ப் பின்னே அமர்கிறவரையும் அழைத்துச் சென்று, அவர் ஏறும்போதும் இறங்கும்போதும் உங்களால் வண்டியை அசையாமல் பிடிக்க முடிகிறதா என்று கவனியுங்கள்.

2. சாமான்களைப் பாதியாக்குங்கள். இரும்பு, அலுமினியப் பெட்டிகளைவிடத் துணிப்பைகள் இலேசானவை. கனமானதைக் கீழேயும் நடுவிலும் வையுங்கள். உயரத்தில் கட்டிய பாரமே வண்டியை விரைவில் சாய்க்கும். இருவர் போகும்போது பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

3. வண்டி கைமீறிச் சாய்ந்துவிட்டால், பிடித்திழுத்து முதுகைக் கெடுத்துக்கொள்ளாமல் விலகிவிடுங்கள். தூக்கும்போது முதலில் இன்ஜினை நிறுத்திக் கியரில் வையுங்கள். வலப்புறம் விழுந்திருந்தால், தூக்குமுன் பக்க ஸ்டாண்டை விரித்துவிடுங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையில் இடுப்பைப் பொருத்தி, முழங்கால்களை மடக்கி, கால்பலத்தால் சிறுசிறு அடியாகப் பின்னோக்கித் தள்ளுங்கள்.

4. பழைய வண்டியை விற்கும்போது 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், பதிவுச் சான்றிதழ் வாங்கியவரின் பெயருக்கு மாறுகிறவரையில் விடாமல் விசாரியுங்கள். வேறு மாநிலத்தவர் வாங்கினால், 28-ஆம் எண் படிவத்தின் மூலம் தடையில்லாச் சான்றும் வேண்டும். இழப்பீடு கோராததற்கான காப்பீட்டுச் சலுகை வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பெற்றுப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

5. தொழில் நிமித்தம் மாநிலம் மாறுகிறவர்கள் கவனிக்கவேண்டியது: ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும் என்பது சட்டம்.

மறுபடியும் அதே சாலை

2025 டிசம்பரில் மறுபடியும் புறப்பட்டோம். புனேயிலிருந்து எங்கள் ஊர் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். பெரிய வண்டியில் இதை மூன்று நாட்களில் முடிப்பேன். இம்முறை நான்கு நாட்களாகப் பிரித்துக்கொண்டோம். பெலகாவியில் ஒரு இரவு, சித்ரதுர்காவில் ஒரு இரவு, சேலத்தில் ஒரு இரவு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தோம்.

சாத்தாராவுக்கு அருகே அதே தேநீர்க் கடை வந்தது. தாண்டிப் போய்விடலாம் என்றே நினைத்தேன். பின்னாலிருந்து அவள் என் தோளைத் தட்டி, "நிறுத்துங்கள்" என்றாள். அதே சரளைக்கல், அதே சரிவு. சமமான இடமாய்ப் பார்த்து நிறுத்தினேன். அவள் இறங்குமுன் வண்டி சிறிது சாய்ந்தது. என் கால் தாங்கிக்கொண்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, கடைக்காரரிடம் இரண்டு தேநீர் கேட்டாள்.

நான்காம் நாள் மாலையில் வீட்டு வாசலை அடைந்தோம். தாயார் திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். வண்டியை மேலும் கீழும் பார்த்து, "இது எந்த வண்டிப்பா? போன வண்டியைவிட அழகாயிருக்கிறதே" என்றார்கள். பழைய வண்டியை அவர்கள் ஒருமுறைதான் பார்த்திருந்தார்கள். அதன் எடையையும் விலையையும் அறியார்கள். நாங்கள் வந்து சேர்ந்ததே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

அன்பான வாசகர்களே, உங்கள் வீட்டிலும் உறைபோட்டு மூடிய ஒரு பெரிய வண்டி நிற்கலாம். அதை ஓட்டுகிறவரிடம், "விட்டுவிடுங்கள்" என்று சொல்லுமுன், "இலேசான ஒன்றுக்கு மாறலாமே" என்று சொல்லிப் பாருங்கள். நீங்களே அதை ஓட்டுகிறவரானால், பின்னே அமர்கிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் வண்டியை நிறுத்தும்போது உனக்குப் பயமாயிருக்கிறதா? பதில் வருகிறவரையில் பொறுமையாய்க் காத்திருங்கள்.