காஞ்சிக்கு வரும் ஒளி

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கண்ணாடி இழைக்குள் நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, இத்தொலைவை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். ஆகவே வேகமான ஒளியிழை வலைப்பின்னல் என்று பொறியாளர்கள் கூறும்போது, அவர்கள் குறிப்பது ஒளியின் ஓட்டத்தையன்று. ஓர் இழை ஒரு நொடியில் எத்தனை பிட் தகவலைச் சுமக்கிறது என்னும் கொள்ளளவையே.

கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் ஒளியிழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே கொண்டுவர இயலும் என்று 1966-இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் வாதிட்டனர். 10 டெசிபல் இழப்பு என்பது ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைவது. 20 டெசிபல் என்றால் நூற்றில் ஒரு பங்கே எஞ்சும். 1970-இல் கார்னிங் நிறுவனத்தின் மௌரர், கெக், ஷூல்ட்ஸ் மூவரும் அந்த எல்லையைத் தாண்டினர். இன்றைய இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல்தான் என்பதால், சென்னையில் செலுத்தப்படும் ஒளியில் சுமார் 3 சதவீதம் இடையில் ஒளியை வலுப்படுத்தும் பெருக்கி எதுவுமின்றிக் காஞ்சியை அடைகிறது. ஏற்கும் கருவிக்கு அதுவே தாராளம்.

ஒரே இழையில் பல அலைநீளங்களை ஒருங்கே அனுப்பும் முறையால் கொள்ளளவு பெருகியது. ஆனால் 1980-களின் பிற்பகுதியில் உருவான எர்பியம் பெருக்கி ஒரு குறுகிய அலைநீளப் பட்டையில் மட்டுமே வேலை செய்வதால், இழையின் பெரும்பகுதி தரிசாகவே கிடந்தது. 2024-இல் ஜப்பானின் தேசியத் தகவல் தொடர்பு ஆய்வு நிறுவனம், பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகம், நோக்கியா பெல் ஆய்வகம் உள்ளிட்டோருடன் சேர்ந்து பலவகைப் பெருக்கிகளை இணைத்து, வழக்கமான இழையிலேயே 50 கிலோமீட்டருக்கு நொடிக்கு 402 டெராபிட், அதாவது 402 லட்சம் கோடி பிட் அனுப்பிக் காட்டியது. புதைத்த இழையைத் தோண்டி எடுக்காமல், முனைக் கருவிகளை மாற்றியே கொள்ளளவைப் பெருக்க முடியும் என்பதே இதன் சிறப்பு. தனியொரு ஆய்வகம் இத்தனை வகைக் கருவிகளையும் திரட்டியிருக்குமா என்பது ஐயமே.

இத்துறை தமிழகத்துக்குப் புதிதன்று. ஒளியிழை வலைப்பின்னல்கள் பற்றி 1998-இல் வெளிவந்து பரவலாகப் பயன்பட்ட பாடநூலை எழுதிய ராஜீவ் ராமசாமியும் குமார் சிவராஜனும் சென்னை ஐஐடியின் முன்னாள் மாணவர்கள். சிவராஜன் 2000-இல் பெங்களூரில் தேஜஸ் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். இன்று அதே ஐஐடியில் பிஜோய் கிருஷ்ண தாஸ் தலைமையிலான மையம், மின்னணுச் சில்லுக்குரிய சிலிக்கானிலேயே ஒளியை வழிநடத்தும் ஒளியியல் சில்லுகளை மத்திய அரசின் ஆதரவுடன் உருவாக்கி வருகிறது. மலேசியாவின் சில்டெர்ரா, பெங்களூரின் இஸ்மோ ஆகிய நிறுவனங்களும் இப்பணியில் இணைந்துள்ளன. சில்லை வடிப்பதும், அதனுடன் இழையைப் பொருத்துவதும் வெவ்வேறு தொழில்நுட்பங்கள் என்பதால் இக்கூட்டு தவிர்க்க முடியாதது.

காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் சேலையின் படத்தை வெளியூருக்கு அனுப்பவும், காந்தி சாலைக் கடைக்காரர் வீடியோ அழைப்பில் முந்தானையை விரித்துக் காட்டவும் இந்த உச்ச வேகம் எதுவும் தேவையில்லை. அறுபடாத இணைப்பே தேவை. மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்கும் தலா நொடிக்கு 1 ஜிகாபிட் வழங்குவதை இலக்காகக் கொண்டுள்ளது. அத்தனை ஊராட்சிகளும் ஒரே நேரத்தில் முழு அளவில் பயன்படுத்தினாலும் மொத்தத் தேவை நொடிக்கு 12.5 டெராபிட்தான், ஜப்பானியச் சோதனையில் ஒற்றை இழை சுமந்ததில் அது 3 சதவீதம். பற்றாக்குறை இழையில் இல்லை. மின்கம்பம் வழியாக வரும் கேபிளின் பராமரிப்பிலும், முனைக் கருவிகளின் விலையிலும்தான் இருக்கிறது.