முதல்நாட் கூட்டம் முழு ஆண்டும் நிற்குமா?

விம்பிள்டன் எப்ரா வீதியிலுள்ள கணபதி ஆலயத்தில் அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, எமக்கு நன்கு அறிமுகமான குடும்பத் தலைவர் ஒருவர் எம்மை மறித்து ஆலோசனை ஒன்று கேட்டார். அமெரிக்காவிலிருந்து வந்து, இளைஞர் மத்தியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியிருக்கும் துரித உணவுக் கம்பனி ஒன்றின் பெயரில் கடை எடுத்து நடத்தலாமா என்பதே அவரது கேள்வி. இருபது ஆண்டுகள் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து மிச்சம் பிடித்த பணம் இருக்கிறது. மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு இருக்கிறது. அவை போதாதென்றால் வீட்டை மறு அடகு வைக்கவும் அவர் ஆயத்தம். "திறந்த அன்று தெருக்கோடி மட்டும் வரிசை நின்றதாம், மாஸ்டர். மகன்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னவன்" என்றார்.

நாம் வியாபாரம் செய்து பழகியவர்களல்லர். ஊரில் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவர்கள். ஆயினும் இக்கேள்விக்கு விடைகூற வரலாறு உதவும் என்றே எமக்குத் தோன்றியது. அவர் ஒருவருக்குக் கூறியதை, அதே எண்ணத்துடன் இருக்கக்கூடிய ஏனைய குடும்பங்களும் அறியட்டும் என்று இங்கு எழுதுகின்றோம்.

இரண்டு வாரமும் ஐம்பது வாரமும்

விம்பிள்டனில் வாழ்பவர்களுக்கு நாம் முதலில் நினைவூட்ட விரும்புவது இவ்வூரின் டெனிஸ் திருவிழாவையே. 1877 இல் தொடங்கிய இப்போட்டியைக் காண, அண்மைய ஆண்டுகளில் இரண்டே வாரத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போகின்றனர். அந்நாட்களில் நிலையத்தடியில் எதை விற்றாலும் விலைபோகும். ஆனால் கடை வாடகை இரண்டு வாரத்துக்கு மட்டும் கட்டுவதன்று. எஞ்சிய ஐம்பது வாரத்துக்கும் கட்ட வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கோயில் வீதியில் கச்சான் விற்ற பெண்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அவர்களுக்கு இக்கணக்கு நன்கு தெரியும். தீர்த்தம் முடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கோயிற் கொடியேற்றத்துக்குப் போய்விடுவார்கள். பதினைந்து ஆண்டுக் குத்தகையில் ஒப்பமிட்டவருக்கோ அவ்வாறு கூடையைத் தூக்க இயலாது. புதிய கடை ஒன்றின் திறப்பு நாட் கூட்டம் திருவிழாக் கூட்டம் போன்றது. அது உண்மையான கூட்டந்தான். ஆனால் அது வியாபாரத்தின் அளவுகோல் அன்று.

வந்தவர்களும் போனவர்களும்

இந்நாட்டிற் பெரும் ஆரவாரத்துடன் கால்பதித்த முதலாவது பேகர் கடை விம்பி ஆகும். 1954 இல் லயன்ஸ் கம்பனி இலண்டன் கொவன்றி வீதியில் அதனைத் தொடங்கிற்று. எழுபதுகளில் அதன் கிளைகள் ஐந்நூறைத் தாண்டின. பேகர் என்றாலே விம்பி என்றிருந்த காலம் அது. 1989 இல் கிரான்ட் மெற்றோபொலிற்றன் நிறுவனம் அதனை வாங்கி, கிளைகளிற் பலவற்றைத் தன்னிடமிருந்த மற்றொரு கம்பனியான பேகர் கிங்காக மாற்றிவிட்டது. விம்பியின் பெயர் இன்று சில பத்துக் கடைகளில் மட்டுமே எஞ்சியிருக்கின்றது.

கே.எப்.சி. 1965 இல் வட இங்கிலாந்தின் பிறெஸ்டன் நகரிலும், மக்டொனால்ட்ஸ் 1974 இல் தென்கிழக்கு இலண்டனின் வூலிச் பகுதியிலும் முதற் கடைகளைத் திறந்தன. இவ்விரண்டும் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் இடங்களல்ல. சாதாரண மக்கள் அன்றாடம் நடமாடும் கடைத்தெருக்கள் என்பது கவனிக்கத்தக்கது. இவ்விரு கம்பனிகளும் நிலைத்துவிட்டன.

வென்டிஸ் கம்பனியின் கதை வேறு. 1980 இல் வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்றது. புத்தாயிரம் பிறந்த கையோடு மூட்டை கட்டிற்று. கடை வாடகையும் நடத்தும் செலவும் தாங்க முடியாதிருந்தன என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸுக்கு நேரெதிர்ப் போட்டியாளராக விளங்கும் கம்பனிக்கே இக்கதி. டாக்கோ பெல் 1986 இல் இலண்டனுக்கு வந்து, தொண்ணூறுகளிற் காணாமற் போய், 2010 இல் எசெக்ஸ் பக்கமாக மறுபடியும் தலைகாட்டியது.

அண்மைய ஆண்டுகளில் வீசுவது மூன்றாவது அலை எனலாம். பிலிப்பைன்ஸ் நாட்டு ஜொலிபீ 2018 இல் ஏள்ஸ்கோட்டில் கடை திறந்தது. சிக்-பில்-ஏ 2019 ஒக்டோபரில் றெடிங் நகரில் திறந்தது. ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்கு எதிரான அமைப்புகளுக்கு அதன் உரிமையாளர் நிதி வழங்கியதாகக் கண்டனம் எழவே, ஆறு மாதத்துக்கு மேல் குத்தகையை நீடிப்பதில்லை எனக் கடைத்தொகுதியினர் சில நாட்களுக்குள் அறிவித்தனர். 2023 இல் அதே கம்பனி, பத்தாண்டில் 10 கோடி டொலர் முதலிட்டு இந்நாட்டுக்குத் திரும்புவதாகத் தெரிவித்தது. பின்னர் அறிவிக்கப்பட்ட இடங்களுள் எமது அயலூரான கிங்ஸ்டனும் ஒன்று. வென்டிஸ் 2021 யூனில் மீண்டும் றெடிங்கில் திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் பொப்பைஸ் ஸ்ட்ராட்போர்ட் வெஸ்ட்பீல்டில் முதற் கடையைத் திறந்தபோது நின்ற நீண்ட வரிசை பத்திரிகைகளிற் படமாக வெளிவந்தது.

போனவர்கள் திரும்பி வருகின்றார்கள் என்றால் இச்சந்தையில் இலாபம் இருக்கின்றது என்றுதானே பொருள் என்று கேட்கலாம். இருக்கின்றது. ஆனால் ஒருமுறை தோற்று, இருபது ஆண்டு காத்திருந்து, மறுமுறை முயல்வதற்கான முதல் அவர்களிடம் உண்டு. எம்மவரிடம் இருப்பது ஒரே ஒரு வீடு.

பத்துப் பவுணின் கணக்கு

சுவையில்லாத உணவு நிலைக்காது என்பது உண்மை. எனினும் சுவையான உணவும் நிலைக்காமற் போவதுண்டு. ஒருவர் பத்துப் பவுணுக்குச் சூடான கோழி வாங்குகின்றார் என்று கொள்வோம். சூடாக எடுத்துச் செல்லும் உணவுக்கு 1984 முதல் வற் வரி உண்டு. இன்றைய 20 வீதப்படி அப்பத்துப் பவுணில் ஏறத்தாழ 1 பவுண் 67 பென்ஸ் அரசாங்கத்துக்குரியது. கல்லாப்பெட்டிக்கு வருவது 8 பவுண் 33 பென்ஸ் மட்டுமே. அதிலிருந்து கோழிக்கும் எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பனி ஊடாக விற்றால் அவர்களுக்கும் கணிசமான பங்கு போகும்.

வேலையாட்களின் அதிகுறைந்த சம்பளம் வளர்ந்தோருக்கு 2016 இல் மணித்தியாலம் 7 பவுண் 20 பென்ஸாக இருந்தது. 2025 ஏப்ரலில் அது 12 பவுண் 21 பென்ஸ் ஆயிற்று. எமது பிள்ளைகளிற் பலர் இத்தகைய கடைகளிற்தான் வேலை செய்கின்றனர். அவர்களுக்குக் கிடைக்கும் நியாயமான கூலியை நாம் குறைகூற வரவில்லை. முதலாளி ஆக விரும்புபவர் அதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும் என்றே சொல்கின்றோம். கடை வாடகையோ பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படுவது. பழைய குத்தகைகளில் அது ஏறுமேயன்றி இறங்குவதில்லை.

பெரிய பெயர் இருந்தாற் பொருள் தடையின்றி வரும் என்பதும் முழு உண்மையன்று. 2018 பெப்ரவரியில் கே.எப்.சி. தனது விநியோகத்தைப் புதிய கம்பனி ஒன்றிடம் ஒப்படைத்தபோது, இந்நாட்டிலிருந்த சுமார் 900 கடைகளில் அரைவாசிக்கும் மேற்பட்டவை கோழி இல்லாமற் பூட்டப்பட்டன. கோழிக் கடையில் கோழியில்லை என்று நாடே சிரித்தது. ஆனால் வாடகை நின்றதா?

இடம் தேடுவோர் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2021 இல் நடைமுறைக்கு வந்த இலண்டன் திட்டத்தின்படி, பாடசாலை வாயிலிலிருந்து 400 மீற்றர் நடைதூரத்துக்குள் புதிதாகச் சூடான உணவு எடுத்துச்செல்லும் கடைகளுக்கு அனுமதி வழங்கலாகாது. பிள்ளைகளின் உடல்நலம் கருதிய ஏற்பாடு அது. ஆசிரியராக இருந்தவர்கள் என்ற முறையில் நாம் அதனை வரவேற்கின்றோம்.

நாக்கு அறிந்தவர் வெல்வர்

ஒரு நாட்டின் நாக்கை அறியாது வருபவர் எத்துணைப் பெரியவராயினும் திணறுவர். பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு 1981 இல் மக்டொனால்ட்ஸ் வந்தபோது, உள்ளூர்க் கம்பனியான ஜொலிபீ அழிந்துவிடும் என்றே பலரும் எண்ணியிருப்பர். அது அழியவில்லை. தம்மவர் விரும்பும் இனிப்புச் சுவையையும், சோற்றுடன் பொரித்த கோழியையும் கொடுத்து இன்றும் அந்நாட்டில் முதலிடத்தில் நிற்கின்றது. இந்தியாவுக்கு 1996 இற் போன மக்டொனால்ட்ஸ் மாட்டிறைச்சியைக் கைவிட்டே கடை திறந்தது. உருளைக்கிழங்கு வடை போன்ற ஒன்றை ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்து நிலைத்தது.

இவை எல்லாவற்றிலும் எமக்கு நெருக்கமான உதாரணம் தென் இலண்டனிலேயே இருக்கின்றது. மோர்லிஸ் என்ற சிவப்பு வெள்ளைப் பெயர்ப்பலகையை அறியாத பிள்ளைகள் இப்பகுதியில் இல்லை. ஆங்கிலேயர் ஒருவரின் பெயர்போல் ஒலிக்கும் அக்கடையை 1985 இல் சிடென்ஹாமில் தொடங்கியவர், இலங்கையிலிருந்து வந்த கண்ணலிங்கம் செல்வேந்திரன் அவர்கள் என்பதை எம்மவரிற் பலரே அறியார். கே.எப்.சி. இந்நாட்டுக்கு வந்து இருபது ஆண்டுகளின் பின், அதே கோழிப் பொரியலுடன், அதனிலும் மலிவாக, பின்னேரம் பள்ளிவிட்டு வரும் பிள்ளையின் சில்லறைக்கும் இரவு வேலை முடிந்து வரும் தொழிலாளியின் பசிக்கும் ஏற்றவாறு அவர் கடை வைத்தார்.

விளம்பரத்துக்குப் பெரும் பணம் கொட்டவில்லை. நாடு முழுவதும் ஒரே மூச்சிற் பரவவும் முயலவில்லை. பெரும்பாலும் தென் இலண்டனுக்குள்ளேயே கிளை விட்டது. அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்று எமது கமக்காரர் சொன்னது இதைத்தான். 2017 இல் ஸ்ரோம்சி என்ற பாடகர் தமது பாடற் படமொன்றின் காட்சியை மோர்லிஸ் கடைக்குள் எடுத்தார். 2019 ஓகஸ்டில் கத்திக்குத்து வன்முறைக்கு எதிரான வாசகங்களை இளைஞரிடம் கொண்டுசெல்ல எண்ணிய உள்துறை அமைச்சு, இத்தகைய கோழிக் கடைகளின் பெட்டிகளையே தேர்ந்தெடுத்தது. அது கறுப்பின இளைஞரை இழிவுபடுத்துவதாகக் கடுங் கண்டனமும் எழுந்தது. அது தனி விவாதம். ஆனால் அக்கடைகள் இந்நகர வாழ்வில் எவ்வளவு வேரூன்றியுள்ளன என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. நாற்பது ஆண்டு நிலைத்ததற்குக் காரணம் முதல்நாள் வரிசையன்று. அதே ஆள் அடுத்த கிழமையும் வந்ததே காரணம்.

பெயர்ப்பலகை எவருடையது?

ஒரு கம்பனியின் பெயரையும் முறையையும் பணம் கொடுத்துப் பெற்று நடத்தும் ஏற்பாட்டைப் பிரான்சைஸ் என்பர். நல்ல முறைதான். மோர்லிஸ் வளர்ந்ததும் அதனாலேயே. ஆயினும் இதில் ஒப்பமிடுமுன் சிலவற்றை அறிந்திருத்தல் அவசியம்.

ஆரம்பக் கட்டணம் ஒருமுறை கட்டுவது. அதன்பின் கம்பனிக்குக் கட்டும் பங்கு வழமையாக இலாபத்திலிருந்து அன்று, மொத்த விற்பனையிலிருந்தே கணிக்கப்படும். நீங்கள் நட்டப்பட்ட மாதத்திலும் அது கழிக்கப்படும். விளம்பரத்துக்கென இன்னொரு பங்கும் உண்டு. பொருட்களையும் அவர்கள் சொல்லும் இடத்திற்தான் வாங்கவேண்டி வரலாம். இந்நாட்டிற் பிரான்சைஸுக்கெனத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே வேதம். குத்தகைக்குத் தனிப்பட்ட பிணை கொடுத்திருந்தால், கடை மூடினாலும் கடன் வீடு தேடி வரும்.

எமது தாயகம் இருக்கும் தீவிலும் ஒரு பாடம் உண்டு. கொழும்பில் 1998 இல் மக்டொனால்ட்ஸ் தொடங்கியது. 2024 மார்ச்சில் தாய்க்கம்பனி உள்ளூர்ப் பங்காளியுடனான உடன்பாட்டை முறித்தபோது, இலங்கையிலிருந்த அதன் கடைகள் யாவும் ஒரே நாளிற் கதவடைத்தன. பெயர்ப்பலகை இன்னொருவருடையது என்பதன் பொருள் இதுவே.

எமது மறுமொழி

புதிதாக வந்திருப்போர் யாவரும் போய்விடுவர் என்று நாம் சோதிடம் கூறவில்லை. விலையைக் கட்டுக்குள் வைத்து, சாதாரண கடைத்தெருவிற் கால் ஊன்றி, மெதுவாகப் பரவுபவர் நிலைப்பர். பரபரப்பை நம்பி ஆண்டுக்கு ஐம்பது கடை திறப்போரில் பலர், வாடகை மீளாய்வு வரும் ஐந்தாம் ஆண்டிற் தடுமாறுவர். இது எமது கணிப்பு.

அந்நண்பருக்கு நாம் கூறியது இவ்வளவே. "திறப்பு விழாவுக்குப் போகாதீர். அதே கம்பனியின், இரண்டு ஆண்டு கடந்த கடை ஒன்றுக்குப் போம். மாசி மாதத்து மழை நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குப் போம். எதிரே ஒரு தேநீருடன் இருந்து, உள்ளே போவோரை எண்ணும். பிறகு அக்கடையை நடத்துபவருடன் தனியாகப் பேசும். ஒப்பந்தத்தை, கம்பனி காட்டும் சட்டத்தரணியிடமன்றி உமது சட்டத்தரணியிடம் கொடும். வீட்டை மட்டும் இதிற் சேர்க்காதீர்."

மனிதர் முகம் சற்று வாடிற்று. பின் தமது நாட்குறிப்பை எடுத்து, மாசி, செவ்வாய், மூன்று மணி என்று எழுதிக்கொண்டார்.