கையருகே வந்த கியர்

புதுவயலின் அரிசி ஆலைக்காரர்கள் வீட்டு வாசல்களில் இன்று நிற்கும் கார்களில் சிலவற்றுக்குக் கிளட்ச் மிதி கிடையாது. அவற்றில் ஸ்டியரிங் சக்கரத்தின் பின்புறம், பிடித்த கையை எடுக்காமலே விரல் நுனிக்கு எட்டும்படியாக, வலப்பக்கம் கூட்டல் குறியும் இடப்பக்கம் கழித்தல் குறியும் இட்ட இரண்டு சிறு தகடுகள் அமைந்திருக்க, அவற்றை ஒரு முறையேனும் தொட்டுப் பாராமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் அநேகர். கியரைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் பேடில் ஷிஃப்டர் என்ற அந்தச் சாதனம் பந்தயப் பிரியர்களின் ஆடம்பரம் என்னும் எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. குடும்பத்தோடு கொடைக்கானலுக்கோ கொல்லிமலைக்கோ போய் இறங்குகிறவருக்குத்தான் அது அத்தியாவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கியர் ஸ்டியரிங்கின் அருகே இருப்பது நம் பக்கத்துக்குப் புதிதன்று. உத்தரபாராவில் தயாரான அம்பாஸடரிலும் பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினியிலும் நெடுங்காலம் கியர் லீவர் ஸ்டியரிங் தண்டிலேயே இருந்தது. இடக்கையால் அதைத் தன்பக்கம் இழுத்தும் அப்பால் தள்ளியும், மேலும் கீழும் அசைத்தும், முன்னிருக்கையில் மூவர் நெருங்கி உட்கார்ந்திருந்தாலும் தடையின்றி கியர் மாற்றிய டாக்ஸி டிரைவர்களின் லாகவத்தைக் காரைக்குடி வீதிகளில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆயினும், அந்த லீவருக்கும் கியர்பெட்டிக்கும் இடையே இருந்தவை இரும்புக் கம்பிகளும் மூட்டுகளுமே. கையின் பலமே நேராகச் சென்று பற்சக்கரத்தைச் சேர்த்தது. மூட்டு தேய்ந்து சிக்கிக்கொண்டால், நடுரோட்டில் பானெட்டைத் திறந்து கையால் விடுவிக்க வேண்டியிருந்தது.

இன்றைய தகட்டின் பின்னால் இருப்பது ஒரு மின் சுவிட்ச் மாத்திரமே. அதை விரலால் இழுத்ததும் எழும் சமிக்ஞை, சக்கரம் எத்தனை சுற்று திரும்பினாலும் அறுந்துவிடாதபடி ஸ்டியரிங்குக்குள் சுருளாகச் சுற்றி வைத்திருக்கும் நாடாக் கம்பி வழியே கியர்பெட்டியின் கணினியை அடைகிறது. எஞ்சின் எத்தனை வேகத்தில் சுழல்கிறது, வண்டி எத்தனை வேகத்தில் ஓடுகிறது என்று ஆராய்ந்த பின்னரே அந்தக் கணினி கியரை மாற்றும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது யாரேனும் முதல் கியர் கேட்டால், எஞ்சின் சிதைந்துவிடும் என்பதால் மறுத்துவிடும். ஆகவே தகட்டை இழுப்பது ஆக்ஞை ஆகாது, விண்ணப்பமே ஆகும்.

இந்த ஏற்பாடு உலகப் பிரசித்தி அடைந்தது பந்தயத்தில்தான். ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640 என்னும் ஃபார்முலா ஒன் கார், 1989 மார்ச் 26 அன்று பிரேசில் பந்தயத்தில் முதன்முதலாக இறங்கி, அதற்கு முந்தைய சோதனை ஓட்டங்களில் பழுதுகளால் அடிக்கடி நின்றுபோனதையெல்லாம் மறக்கும்படி, நைஜல் மான்செல் ஓட்ட முதலிடம் பெற்றது. லீவர் ஒழிந்ததால் காரின் உடலைக் குறுக்கவும் முடிந்தது, ஓட்டுபவர் இரு கைகளையும் ஸ்டியரிங்கிலேயே வைத்திருக்கவும் முடிந்தது. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியராக ஆனபோது, அவர் விரல்களுக்கடியில் இருந்ததும் இத்தகைய தகடுகளே. சாலைக் காருக்கு இதைக் கொண்டுவந்ததும் ஃபெராரிதான். 1997இல் வந்த எஃப்355 எஃப்1 மாடலில், கிளட்சை மிதிப்பதையும் கியரைத் தள்ளுவதையும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கருவிகள் செய்தன.

தகடு ஒன்றுபோல் தோன்றினாலும் அதன் பின்னால் உள்ள யந்திரம் காருக்குக் கார் வேறு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத் தடமும் ஹூண்டாய் ஆலையும் உள்ள அதே ஊரில், தயாராகும் ஐ20 என் லைன் காரின் ஏழு கியர் பெட்டியில் இரண்டு கிளட்சுகள் உண்டு. ஒற்றைப்படை கியர்கள் ஒன்றிலும் இரட்டைப்படை கியர்கள் மற்றொன்றிலும் இணைந்திருப்பதால், மூன்றாவதில் ஓடும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும். மாருதி பிரெஸ்ஸாவின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கில், எண்ணெயின் சுழற்சி வழியாகச் சக்தி செல்வதால் மாற்றம் சற்றே மிருதுவாக நிகழ்கிறது. ஹோண்டா சிட்டியின் சி.வி.டி.யில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது! அரிசி ஆலையில் பெல்ட்டை ஒரு புல்லியிலிருந்து வேறளவுப் புல்லிக்கு மாற்றினால் வேகம் மாறுவதுபோல, இங்கே இரண்டு புல்லிகளும் ஓடும்போதே அகன்றும் குறுகியும் தம் அளவை மாற்றிக்கொள்ள, எஃகு பெல்ட் அவற்றினூடே ஓடுகிறது; தகட்டை இழுத்தால் கணினி அந்த இடைவிடாத மாற்றத்தை ஏழு படிகளாகப் பிரித்துத் தருகிறது. 2019இல் இங்கே வந்த ஹூண்டாய் கோனா மின்காரிலோ, அதே தகடுகள் வண்டியின் வேகத்தை மீண்டும் மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும் தடையைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படுகின்றன.

மலையிறக்கத்துக்கு வருவோம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள். லீவரைச் சாதாரண ஓட்டத்துக்கான 'டி'யிலேயே விட்டு இறங்கினால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்கத்தில் பல கார்கள் மேல் கியருக்குத் தாவிவிடுகின்றன; வண்டி வழுக்கிக்கொண்டு ஓட, பிரேக்கையே ஓயாமல் மிதிக்க நேர்ந்து, டிஸ்க் காய்ந்து, கருகல் நெடி அடித்து, இறுதியில் பிரேக் பிடிமானமே குன்றிவிடும். 'ஏறின கியரிலேயே இறங்கு' என்று பழைய டிரைவர்கள் சொல்லிவைத்த விதிக்கு ஆட்டோமேட்டிக் காரில் இடப்பக்கத் தகடே வழி. இரண்டொரு முறை அதை இழுத்து இரண்டாம் கியருக்கு வந்துவிட்டால், எஞ்சினின் சொந்தத் தடையே வண்டியை இழுத்துப் பிடிக்கும். 'டி'யில் இருந்தபடி இழுத்தால் சிறிது நேரத்தில் கணினி அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கார்கள் பல உள்ளமையால், இறக்கம் முழுவதற்கும் லீவரை, கையால் கியர் மாற்றுவதற்கான 'எம்' அல்லது 'எஸ்' ஸ்தானத்தில் வைப்பது உசிதம்.

இன்னும் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. நம் நாட்டுக் கார்களில் பெரும்பாலும் தகடுகள் சக்கரத்தோடு சேர்ந்தே சுழல்கின்றன. ஃபெராரியில்போலத் தண்டில் நிலையாக நிற்பதில்லை. எனவே கொண்டையூசியில் ஸ்டியரிங்கை அரைச்சுற்று ஒடித்தபின் இடம் வலமாகிவிடும். கியரை வளைவுக்கு முன்பே, சக்கரம் நேராக இருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். மற்றொன்று, சாதாரண எஞ்சின் காரில் கியரால் மட்டும் வேகம் குறையும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. ஆதலால் பின்னே லாரியோ பஸ்ஸோ நெருங்கி வந்தால், பிரேக்கையும் இலேசாகத் தொட்டு அவர்களுக்குத் தெரிவித்துக்கொண்டே இறங்க வேண்டும்.